வெள்ளிக்கிழமை சாணி கேட்டுப் போன கதை

மதுரைக்குச் சாமி கும்பிடப் போகவில்லை என்று சொன்னால் கோயம்புத்தூரில் யாரும் நம்புவதில்லை. "அப்புறம் எதுக்குங்க போறீங்க?" என்று எதிர் வீட்டு அம்மாள் கேட்டார். சாணி பார்க்க என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் இப்படித்தான்.

ஆனால் என் வேலையே அதுதான். மானியத்தில் கட்டிக்கொடுத்த சாண எரிவாயுத் தொட்டிகள் ஊர் ஊராக இருக்கின்றன. சாணியைக் கரைத்து உள்ளே விட்டால், தொட்டிக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவைத் தரும். வாயு குழாய் வழியே அடுப்புக்குப் போகும், மிச்சக் கரைசல் வயலுக்கு உரமாகும். இவை ஓடுகின்றனவா என்று பார்த்துக் கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்புவதற்கு என்னை அனுப்புவார்கள். சுற்றுச்சூழல் கொள்கை, நீடித்த ஊரக வளர்ச்சி என்று மேலே எத்தனை பக்கம் எழுதினாலும் கீழே வந்து சேரும்போது அது ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது: நீங்கள் போன அன்று அடுப்பு எரிந்ததா, இல்லையா? எரியவில்லை என்றால் தொட்டியின் இரும்பு மூடியைக் கழற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த முறை மேலூருக்கு அப்பால் ஒரு ஊர். அடுப்பு எரியவில்லை என்று ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. நேரில் பார்த்துக் காரணத்தை எழுத வேண்டியதுதான் பாக்கி. ஞாயிறு மாலைக்குள் படிவம் ஏறிவிட வேண்டும்.

புதன்கிழமை வில்லாபுரத்தில் கல்லூரித் தோழி ஜெயா வீட்டில் இறங்கினேன். இட்லிக்கு நாலு சட்னி வைத்தாள். எதற்கடி இத்தனை என்றால், "இதுவே கொறச்சல்டி, நீ வாரேன்னு லேட்டாத்தான சொன்ன" என்கிறாள். சாப்பாட்டில் மதுரையோடு நாங்கள் போட்டி போட முடியாது. தண்ணீரில் மட்டும் எங்கள் சிறுவாணியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதைச் சொன்னதற்கு இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி சண்டை போட்டாள்.

வியாழன் காலை மழை. மேலூர் பஸ்ஸில் படியிலேயே நின்றுவிட்டேன். "யக்கா, உள்ள போங்க, அம்புட்டு எடம் கெடக்கு!" என்று கண்டக்டர் கத்தினார். உள்ளே ஒரு கால் வைக்கக்கூட இடமில்லை. எங்கள் ஊரில் இதையே "கொஞ்சம் உள்ள போயிருங்க" என்று கெஞ்சுவார்கள். அப்படியும் இடம் இருக்காது. கத்துவதே மேல், சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

மேலூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏழு பேருக்கு நடுவே இன்னொரு ஆளாகச் செருகிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மாள் குடையோடு நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அம்மா காலம் வரை கூலி வேலைதான். இப்போது குழுவாகச் சேர்ந்த பெண்களுக்குப் பத்து மாடும், ஒரு சமையல் கொட்டகையும் இருக்கின்றன. அங்கே முறுக்கு சுட்டு மேலூர்ச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். அதாவது, ஆயுத பூசை வரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகைக்குள் போனதும் கண் எரிந்தது. வாயு அடுப்பை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று கல்லை வைத்துச் சீமைக்கருவேல விறகை எரித்துக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த விறகு. முன்பு முறுக்கு பிழிந்தது பாண்டியம்மாளின் நாத்தனார் செல்வி. அவள் வாசலுக்கு வெளியே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இவளுக்கு வீசிங் மேடம். பொக பட்டா மூச்சு நின்டுரும். கேஸ் இருந்தப்ப இவதான் எங்களுக்கு மேஸ்திரி. இப்பக் களையெடுக்கப் போறா" என்றார் பாண்டியம்மாள்.

"மழை பேஞ்சா அதுவும் இல்ல" என்றாள் செல்வி.

தொட்டி ஒன்றுதான் இந்தப் பெண்ணுக்கும் கூலி வேலைக்கும் நடுவே நின்றது. படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. காரணத்துக்கு மட்டும் நாலு கட்டங்கள் உண்டு: சாணம் போதவில்லை, தண்ணீர் இல்லை, ஆர்வம் இல்லை, பராமரிப்பு இல்லை. பெரும்பாலும் நாலாவதைத்தான் தொட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். பராமரிக்க மாட்டார்கள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்த காரணம்.

தொட்டியைப் பார்த்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது. சுற்றிலும் ஒரு புல் இல்லை. இரும்பு மூடிக்குப் புதுப் பச்சைப் பெயின்ட். குழாய் மூட்டுகள் ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். என் வீட்டுச் சமையலறை இத்தனை சுத்தமாக இருந்ததில்லை. ஆனால் வாயு சேரச் சேர மேலே எழும்ப வேண்டிய மூடி மட்டும் எழும்பாமல் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கொஞ்சம் கரைசலை எடுத்து, நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்த்தேன். புளித்துப்போயிருந்தது.

"எப்ப நின்னுச்சு?"

"ஆயுத பூசைக்கு மறுநாள்லருந்து."

"பூசைக்கு என்ன செஞ்சீங்க?"

பாண்டியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி சொல்ல ஆரம்பித்தார். "நல்லாச் செஞ்சோம் மேடம். எல்லாரும் டிராக்டரக் கழுவுறாக, மோட்டாரக் கழுவுறாக. நமக்குச் சோறு போடுறது இதுதான? எட்டுப் பேரு சேந்து மூடியத் தூக்கி எறக்கினோம். உள்ள கெடந்த பழசு பூராத்தையும் மோட்டார் வச்சு எடுத்துட்டு, பிளீச்சிங் பவுடரு, பினாயிலு எல்லாம் ஊத்தி, மூங்கில்ல தொடப்பத்தக் கட்டித் தேச்சோம். கடேசியா மஞ்சத் தண்ணி. பெறகு புதுச் சாணி போட்டுச் சூடம் காமிச்சோம்."

"உள்ள யாராச்சும் எறங்குனீங்களா?"

"இல்ல, மேலருந்துதான்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. விஷவாயு தேங்கும் அந்தக் குழிக்குள் இறங்கியிருந்தால் ஆள் திரும்பியிருக்க முடியாது. உயிர் தப்பியது நுண்ணுயிர்களைத் தவிர மற்ற எல்லோரும். பாசத்தோடு குளிப்பாட்டியே அவற்றைக் கொன்றுவிட்டார்கள். வாயு வரவில்லையே என்று பயந்து தினமும் கூடுதலாகச் சாணி வேறு போட்டிருக்கிறார்கள். செரிமானம் கெட்ட பிள்ளைக்கு மேலும் மேலும் ஊட்டின மாதிரி, அது முழுக்கப் புளித்துவிட்டது.

"யார் இப்படிக் கழுவச் சொன்னது?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

பாண்டியம்மாள் கொட்டகைச் சுவரைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட கையேடு ஒன்று ஆணியில் தொங்கியது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் முதல் விதி: "கலனையும் சுற்றுப்புறத்தையும் எப்போதும் தூய்மையாக வைத்திருக்கவும்." பதினோரு விதிகள் இருந்தன. உள்ளே இருப்பவை உயிருள்ளவை, பிளீச்சிங் பவுடர் படக்கூடாது, முழுக்கக் காலி செய்யக்கூடாது என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கையேட்டை எழுதியது நான். கோயம்புத்தூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்து, அன்றைக்கே பாராட்டும் வாங்கினேன். வெட்கமாக இருந்தது. அதை அப்போது அவர்களிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

"உள்ள இருக்கறது உசுருங்க. பிளீச்சிங்ல செத்துப்போச்சு. நல்லா ஓடுற தொட்டிலருந்து கரைசல் கொண்டாந்து ஊத்தணும்" என்றேன்.

"ஒற மோரு மாதிரியா?" என்று வெளியே இருந்து செல்வி கேட்டாள்.

நான் மூன்று பக்கத்தில் படம் போட்டு விளக்கியிருந்தாலும் புரியவைத்திருக்க முடியாததை அவள் இரண்டு சொல்லில் முடித்துவிட்டாள். ஆமாம், உறை மோர்தான். பக்கத்தில் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இந்திராணி வீட்டில் பழைய தொட்டி ஒன்று நன்றாக ஓடுகிறதாம். நிறைய நிலமும் மாடும் உள்ள குடும்பம். ஆனால் பாண்டியம்மாள் தயங்கினார்.

"நீங்க கேளுங்க மேடம். அந்த வீட்டுத் தொழுவத்துலதான் எங்காத்தா சாணி அள்ளுனா. அங்கருந்து எங்க வீட்டுக்குச் சோறு வந்துருக்கு. எங்க வீட்லருந்து அங்க ஒண்ணும் போனதில்ல. நாங்க போயிக் கேட்டா நல்லா இருக்காது."

வெள்ளி காலை, புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தூள் வாங்கச் சிம்மக்கல் போனேன். மொத்தக் கடைக்காரர் அரை மூட்டைக்குக் குறைத்துத் தர மாட்டேன் என்றார். "வீடு வெள்ளையடிக்கவாக்கா?" என்றார். சாணிக்கு என்றேன். அவரும் சிரித்தார். பக்கத்தில் தள்ளுவண்டியில் சூடாகப் பருத்திப்பால் குடித்தேன். கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில் இறங்கும்போது, எங்கள் ஊர் பேக்கரி டீ மேல் எனக்கிருந்த விசுவாசம் கொஞ்சம் ஆடிப்போனது உண்மை.

பஸ்ஸில் மூட்டை கிழிந்துவிட்டது. மேலூர் வரை சுண்ணாம்பு சிந்திக்கொண்டே வந்தது. இறங்கும்போது எல்லோர் செருப்பிலும் வெள்ளை. "எந்த ஊருக்கு மாப்ள வெள்ளையடிக்கப் போறோம்?" என்று ஒருவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

பாண்டியம்மாளும் நானும் கால்வாய்ப் பாலம் தாண்டி இந்திராணி வீட்டுக்குப் போனோம். பாண்டியம்மாள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். இந்திராணி குளித்த தலையோடு வெளியே வந்தார். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். பாண்டியம்மாள் நின்றே இருந்தார். இரண்டு பேருக்கும் காபி வந்தது. டம்ளர் ஒரே மாதிரிதான் இருந்தது. நான் கவனித்துப் பார்த்தேன்.

அவர் வீட்டுத் தொட்டியின் மூடி வயிறு நிறைந்து மேலே எழும்பி நின்றது. ஆறு டிரம் கரைசல் கிடைத்தால் போதும் என்றேன்.

"அதுக்கென்ன, தாரேன். ஆனா இன்னைக்கு முடியாது மேடம். வெள்ளிக்கெழம எங்க வீட்டுச் சாணி வெளிய போகாது. லச்சுமில்ல?"

"அவசரமுங்க. நுண்ணுயிருக்கு வெள்ளி, செவ்வாய் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும்ல" என்றார் இந்திராணி.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பாலம் வரும் வரை அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு பொரிந்து தள்ளினேன். எல்லாம் சாக்கு, கொடுக்க மனசில்லை, யாருக்குப் போகிறது என்று தெரிந்ததால்தான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது என்றெல்லாம் சொன்னேன். பாண்டியம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"வெள்ளிக்கெழம நாங்களும் குடுக்க மாட்டோம் மேடம்" என்றார்.

"அப்புறம் எதுக்கு இன்னைக்கே கூட்டிட்டு வந்தீங்க?"

"நீங்கதான அவசரம்னீக. படிச்சவுக, வேற ஏதாச்சும் வழி வச்சிருப்பீகன்னு நெனச்சேன்."

அன்று மத்தியானம் பூராவும் தொட்டியிலிருந்த புளித்த கரைசலில் பாதியை வெளியே எடுத்தோம். சுண்ணாம்பைக் கலக்கினோம். செல்வி மூங்கில் கழியால் கலக்கிக்கொண்டே, "இது பாதி ஒறஞ்ச தயிரு வாசன" என்றாள். அந்த நாற்றத்தை அப்படியும் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜெயாவிடம் சொன்னபோது, "அந்தம்மா நாளைக்குக் குடுக்காது, பாரு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை நான் போய் இறங்கும்போது இந்திராணி வீட்டு வாசலில் குட்டியானை வண்டி நின்றது. பின்னால் ஆறு நீல டிரம் ஏற்றிவைத்திருந்தார்கள். முன் சீட்டில் இந்திராணி. "என் வீட்டு ஒறைய நானே வந்து ஊத்துனாத்தான் எனக்குத் திருப்தி" என்றார். முன்னால் இருந்த இன்னொரு இடத்தை டிரைவர் எனக்குக் காட்டினார். டிரம்மெல்லாம் ஆடாமல் யார் பிடிப்பது என்று வீறாப்பாகப் பின்னால் ஏறினேன். ஐம்பத்து நாலு வயதில் செய்கிற வேலையா அது? பாலத்துக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் ஒரு டிரம்மின் மூடி கழன்று, தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் என்னைக் குளிப்பாட்டிவிட்டது.

இந்திராணி எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல மேடம். இனி ஒங்க குடும்பத்துக்கே கொற வராது, லச்சுமி ஒட்டிக்கிட்டா" என்றார். வண்டியே குலுங்கச் சிரித்தோம்.

முதல் டிரம்மை இந்திராணி சாய்த்தார். இரண்டாவதைப் பாண்டியம்மாள். மற்றதை எல்லோரும் சேர்ந்து ஊற்றினோம். முடிந்ததும் பாண்டியம்மாள் டீ கொண்டுவந்து நீட்டினார்.

"சனிக்கெழம வெரதம், தப்பா நெனச்சுக்கிறாதீக" என்றார் இந்திராணி.

பாண்டியம்மாள் "சரிங்க" என்று டம்ளரைத் திரும்ப எடுத்துப்போனார். இது விரதமா, சாக்கா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள், சனிக்கிழமை வாயைத் திறக்கவில்லை. அந்த டீயைச் செல்வி குடித்தாள்.

வாயு வர ஒரு மாதமாவது ஆகும். படிவத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. கிளம்புவதற்கு முன் கையேட்டை ஆணியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். இதை எழுதியது நான்தான், தப்பு உங்கள் மேல் இல்லை என்று ஒருவழியாகச் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பாண்டியம்மாள் பேனா ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார்.

"அப்ப விட்டுப்போனத எழுதிருங்க. கீழ கையெழுத்தும் போட்டுருங்க."

பன்னிரண்டாவது விதியாக எழுதினேன்: "உள்ளே இருப்பவை உயிர். சோப்பு, பிளீச்சிங், பினாயில், மஞ்சள் தண்ணீர் எதுவும் உள்ளே போகக்கூடாது. பூசை வெளியே மட்டும்." கையெழுத்துப் போட்டேன். அதை அப்படியே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை, ஜெயா வீட்டு மாடியில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன். அடுப்பு எரிந்ததா? இல்லை. பொய் சொல்ல முடியாது. காரணம்? நாலு கட்டத்தில் எதையாவது தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். நாலாவதைத் தொட்டேன். கீழே குறிப்புக்கு இருந்த இடத்தில், "பராமரிப்புக் குறை பெண்களுடையது அல்ல, கையேட்டினுடையது. எழுதியது நான். நாற்பத்தைந்து நாள் அவகாசம் தேவை" என்று எழுதிப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். "என்னங்க இது? இந்தக் கையேடு எல்லா ஊர்லயும் தொங்குதுங்களே. மத்த ஊர்க்காரங்களும் கேள்வி கேப்பாங்களே."

"கேக்கட்டுங்க" என்றேன். ஓய்வு பெற நாலு வருடம் இருக்கிறவளுக்கு அந்தத் துணிச்சல் கொஞ்சம் எளிதாக வந்துவிடுகிறது. அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவகாசம் கிடைத்தது. புதுக் கையேடு இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

தை பிறந்து சில நாள் கழித்துப் பாண்டியம்மாள் போன் செய்தார். எடுத்ததும் பேச்சைக் காணோம். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதா மேடம்? அடுப்புகிட்ட வச்சிருக்கேன். செல்விதான் முறுக்குப் பிழியுறா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்திராணி அம்மாவுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவுக டிரம்மு ஆறும் இங்கதான கெடந்துச்சு. குடுத்தவுக வீட்டுக்கு வெறும் பாத்திரத்த அனுப்பக் கூடாதுல்ல? அதுக்குள்ள எதப் போடுறது! டிரம்மோட ஒரு தூக்குவாளி முறுக்கும் சேத்துக் குடுத்துவிட்டோம். முந்தாநேத்து. வெசாழக்கெழமதான்."

"என்ன சொன்னாங்க?"

பாண்டியம்மாள் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் செல்வியும் சிரிப்பது கேட்டது.

"உப்புக் கொறச்சலாம் மேடம்."

அதை அவர் சொன்ன அத்தனை சந்தோஷத்தோடு நான் இதுவரை எந்தப் பாராட்டையும் வாங்கியதில்லை.